சுவரில் ஜீன் அயர்ஸ் படம், கூரையில் ஊஞ்சல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

தட்டாமாலை அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு ஐந்தரை வயது. சட்டைக் காலருக்கு உள்ளே இருக்கும் லேபிள் பட்டால் அழுகை, மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓட்டம், முடிவெட்டக் கூட்டிப்போனால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். ஆனால் இதே பையன் நாள் முழுக்க சோபாவிலிருந்து குதிப்பான், தட்டாமாலை சுற்றுவான், எவ்வளவு சுற்றினாலும் அவனுக்குத் தலை கிறுகிறுக்காது, பார்க்கிற எனக்குத்தான் கிறுகிறுக்கும்.

குழந்தைகள் டாக்டர் லேசான ஆட்டிசம் என்று சொல்லி ஆக்குபேஷனல் தெரபிக்கு எழுதிக்கொடுத்தார். "ஆக்குபேஷன் என்றால் வேலைதானே, இந்த வயதில் இவனுக்கு என்ன வேலை வாங்கித் தரப் போகிறார்கள்?" என்று மாமனார் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

சென்டரில் ஒரு பெரிய ஹால். கூரையிலிருந்து கொக்கி போட்டு நாலைந்து விதமான ஊஞ்சல், கீழே மெத்தை, சக்கரம் வைத்த பலகை, ஒரு தொட்டி நிறைய பிளாஸ்டிக் பந்து. சுவரில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் படம், கீழே ஏ. ஜீன் அயர்ஸ் என்று பெயர். மாலை போடாததுதான் குறை. வாரம் மூன்று நாள் வீதம் மூன்று மாதம் போய்விட்டோம். உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "சென்சரி இன்டக்ரேஷன் சார், போகப் போகத் தெரியும்" என்கிறார்கள். என் அம்மாவோ "இதுக்கா இவ்வளவு பணம் கட்டுற, நான் உத்தரத்துல பழைய புடவையில தூளி கட்டி ஆட்டுறேன்" என்கிறார்.

அந்த அம்மாவைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு இடத்தில் மேதை என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஆதாரமே இல்லாத சமாச்சாரம் என்கிறார்கள். அவர் யார், உண்மையில் என்ன சொன்னார், இங்கே நடப்பது அவர் சொன்னதுதானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

---

கோவை ஓ.டி.:

சார், நான் 14 வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், தள்ளிவைத்துப் படியுங்கள்.

முதலில் உங்கள் மாமனாருக்குப் பதில். ஆக்குபேஷன் என்றால் சம்பளம் வாங்கும் வேலை மட்டும் இல்லை, ஒரு ஆளின் நாளை நிரப்பும் காரியம் எல்லாமே அதில் சேர்த்தி. உங்கள் பையனுக்கு அது சட்டை போடுவது, சாப்பிடுவது, விளையாடுவது, பள்ளியில் பெஞ்சில் உட்காருவது.

அயர்ஸ் 1920இல் கலிபோர்னியாவில் வைசேலியா என்ற ஊர்ப்பக்கம் வால்நட் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபி, படித்தார். அந்தக் காலத்தில் ஓ.டி. என்றால் கைவேலை சொல்லித் தருவதுதான் பெரும்பகுதி. 1949இல் வந்த அவருடைய ஆரம்பக் கட்டுரை ஒன்றே மின்னதிர்ச்சி சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கு எந்தக் கைவினை பொருந்தும் என்பதைப் பற்றியதுதான். அங்கே தொடங்கியவர் மூளை பக்கம் போய்விட்டார். கை கால் வரவில்லை என்றால் தசையைப் பார், எலும்பைப் பார் என்று இருந்த இடத்தில், செய்தி உள்ளே போகிற வழியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். 1961இல் கல்வி உளவியலில் முனைவர் பட்டம், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள இன்னொரு பல்கலைக்கழகத்தின் மூளை ஆராய்ச்சி நிறுவனத்தில் மேலாய்வு. ஒரு தெரபிஸ்ட் அங்கே போய் உட்கார்ந்து நரம்பியல் படித்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐம்புலனைத்தான் நமக்குப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அவர் அழுத்திச் சொன்னது மூன்று. ஒன்று தொடு உணர்வு. இரண்டாவது, உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்வது. மூன்றாவது, மூட்டும் தசையும் அனுப்பும் செய்தி. கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதே, அது இதனால்தான். இவை மூளையில் ஒன்றுசேர்வதைத்தான் சென்சரி இன்டக்ரேஷன், புலன் ஒருங்கிணைப்பு என்கிறோம். இந்த மூன்றும் சரியாக ஒன்றுசேராத குழந்தைக்கு உட்காருவது, எழுதுவது, வரிசையில் நிற்பது எல்லாமே கூடுதல் உழைப்பு என்பது அவர் கருத்து. 1972இல் வந்த அவருடைய முதல் பெரிய புத்தகம் முழுக்க இதுதான். பெற்றோருக்காக எளிமையாக ஒன்று 1979இல் எழுதினார்.

லேபிளுக்கு வருகிறேன். கையில் எறும்பு ஊர்ந்தால் யோசிக்காமலே தட்டிவிடுகிறோம், அதே கையை ஒருவர் அழுத்திப் பிடித்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. லேசாகப் படுவதை ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும் பாதை ஒன்று, பட்டது என்ன என்று ஆராயும் பாதை ஒன்று, சில குழந்தைகளுக்கு முதல் பாதையே எப்போதும் முந்திக்கொள்கிறது என்று 1964இல் எழுதினார். தொட்டாற்சுருங்கித் தன்மை என்று நான் பெற்றோரிடம் சொல்வேன். இன்றைய நரம்பியல் இதை அவர் சொன்ன வடிவிலேயே ஏற்கவில்லை. ஆனாலும் சேட்டை, பிடிவாதம் என்று அடி வாங்கிய குழந்தையைப் பார்த்து, இவனுக்கு அந்தச் சட்டை உண்மையிலேயே குத்துகிறது என்று சொன்னவர் அவர்.

தட்டாமாலைக்கும் அவரிடம் ஒரு சோதனை உண்டு, 1975இல் வெளியிட்டார். குழந்தையைச் சுழலும் பலகையில் உட்காரவைத்து 20 வினாடியில் 10 சுற்று சுற்றி, சட்டென்று நிறுத்தி, கண்மணி எத்தனை வினாடி பக்கவாட்டில் துடிக்கிறது என்று எண்ணுவது. சில குழந்தைகளுக்குத் துடிப்பு மிகக் குறைவாக இருந்தது, சமநிலைச் செய்தியை மூளை கையாளும் விதத்தில் வித்தியாசம் இருப்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார். இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் ஊஞ்சலைவிட அதிக நேரம் செலவிட்டது சோதனைகளை உருவாக்குவதில்தான். ஒவ்வொரு குழந்தையிடமும் எத்தனையோ சோதனை செய்து, எந்தக் குறை எந்தக் குறையோடு சேர்ந்து வருகிறது என்று புள்ளியியலில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசித் தொகுப்பில் 17 சோதனை, 4 வயதிலிருந்து 8 வயது 11 மாதம் வரைக்கும். புற்றுநோயோடு அந்த வேலையைச் செய்தார். 1988 டிசம்பரில் இறந்துவிட்டார், தொகுப்பு வெளிவந்தது 1989இல்.

உங்கள் பையனுக்கு ஊஞ்சலில் ஏற்றும் முன் என்ன சோதித்தார்கள் சார்?

---

புள்ளியியல் வாத்தியார்:

மேடம் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் கதையின் மறுபாதியையும் யாராவது சொல்ல வேண்டுமே.

அயர்ஸ் தொடங்கியது ஆட்டிசத்தில் இல்லை. புத்தி சாதாரணமாக இருந்தும் படிக்கத் திணறும் குழந்தைகளைத்தான் முக்கியமாகப் பார்த்தார். புலன் ஒருங்கிணைப்பைச் சரிசெய்தால் படிப்பும் மேலேறும் என்பது பெரிய வாதம். ஆரம்பகால ஆய்வுகள் அதற்குச் சாதகமாகத்தான் வந்தன. 1999இல் எல்லா ஆய்வையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது பழைய ஆய்வுகளில் பலன் தெரிந்தது, புதிய ஆய்வுகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எங்கள் துறையில் இது அடிக்கடி பார்க்கிற காட்சிதான், ஆய்வு கறாராக ஆக ஆகப் பலன் கரைந்துகொண்டே போகும்.

ஆட்டிசம் பற்றி அவர் 1980இல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்டது வெறும் 10 குழந்தைகளை வைத்து. தொடுதலுக்கும் அசைவுக்கும் அதிகமாக எதிர்வினை காட்டிய குழந்தைகள், காட்டாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்பது முடிவு. பத்துப் பேரை வைத்து யோசனை சொல்லலாம். பத்துப் பேரை வைத்து ஊருக்கு ஒரு சென்டர் திறக்கலாமா?

2012இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் ஒரு அறிக்கை விட்டது. புலன் செயலாக்கக் கோளாறு என்று தனி நோயாகப் பெயர் வைக்காதீர்கள், மொத்த சிகிச்சையில் ஒரு பகுதியாக இந்தத் தெரபி இருந்தால் இருக்கட்டும், ஆனால் ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், இலக்கும் கெடுவும் வைத்துப் பலன் வருகிறதா என்று பாருங்கள். அடுத்த வருடம் வந்த மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலும் அதைத் தனிக் கோளாறாகச் சேர்க்கவில்லை.

2022இல் பிரிட்டனில் ஒரு பெரிய சோதனை வந்தது. 4 முதல் 11 வயது வரை 138 ஆட்டிசக் குழந்தைகள், குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு இந்தத் தெரபி, மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்து எரிச்சல், கொந்தளிப்பு ஆகியவற்றை அளந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

சுவரில் படம் மாட்டுகிறவர்கள் இதையும் பக்கத்தில் மாட்டலாம்.

---

கோவை ஓ.டி.:

வாத்தியார் சொன்ன எண்கள் சரிதான், சண்டை போட மாட்டேன். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

அதே 2022 ஆய்வில், தெரபிக்குப் போன குழந்தைகளின் பெற்றோர் தாங்களே குறித்துக்கொடுத்த அன்றாட இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட மறுபக்கம் அதை அளக்கவில்லை என்பதால் பெரிதாக அடித்துச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். 2014இல் அமெரிக்காவில் 32 குழந்தைகளை வைத்து நடந்த சின்ன ஆய்விலும், வாரம் மூன்று முறை வீதம் பத்து வாரம் செய்ததில், இலக்கை எட்டுவதில் தெரபி எடுத்த பக்கம் முந்தியது. அதனால் என் புரிதல் இப்படி: சட்டை போடுவது, குளிப்பது மாதிரி குறிப்பான காரியம் ஒன்றைக் குறிவைத்தால் பலன் இருக்கலாம், மொத்தக் குணமும் மாறிவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, ஊஞ்சல் இருக்கிற இடமெல்லாம் அயர்ஸ் இல்லை. யார் யாரோ அந்தப் பெயரில் எதையெதையோ செய்தார்கள் என்பதால்தான் பின்னால் அவர் பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்து, என்னென்ன இருந்தால் அது அவருடைய முறை என்று ஒரு அளவுகோல் எழுதவேண்டியதாகிவிட்டது. முன்கூட்டியே முழு மதிப்பீடு இருக்க வேண்டும். குழந்தை தானாக விரும்பிச் செய்ய வேண்டும், நாம் பிடித்து வைத்து ஆட்டக் கூடாது. கொடுக்கிற சவால் ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, அழவைக்கவும் கூடாது, எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். ஊஞ்சலில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே கிடக்கும் பையை எடுத்துக் கூடையில் போடச் சொல்கிறோம் என்றால், அங்கே கழுத்து, கண், கை, திட்டமிடல் எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது. சும்மா உட்காரவைத்துப் பத்து நிமிடம் ஆட்டினால் அது பூங்கா. எடை வைத்த ஜாக்கெட், உடம்பில் பிரஷ் தேய்ப்பது, கடிக்கிற மாலை, இதெல்லாம் தனித்தனிப் பொருட்கள், இவற்றை மாட்டிவிட்டு அயர்ஸ் பெயரைச் சொல்வது நியாயமில்லை.

தூளி பற்றி அம்மா சொன்னது பாதி சரி. உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற தூளி நிறைய குழந்தைகளை அமைதிப்படுத்தும், நாங்களும் துணி ஊஞ்சல் வைத்திருக்கிறோம். வயதான அம்மாக்கள் சொன்னால் சிரிக்கிறோம், அதையே துணிக்கடைக்காரர் விலை போட்டு "சென்சரி" என்று ஒட்டினால் வாங்குகிறோம்.

உண்மை முடிவிலி மாதிரி, நெருங்கிக்கொண்டே இருக்கலாம், எட்ட முடியாது என்று அந்த 1972 புத்தகத்திலேயே அயர்ஸ் எழுதியிருக்கிறார். தன் கோட்பாட்டைத் தானே திருத்திக்கொண்டே இருந்தவர். படம் மாட்டுகிறவர்களுக்கு அந்த வரி தெரிந்தால் வாத்தியாருக்கு இவ்வளவு கோபம் வராது.

---

லேபிள் வெட்டுகிறவள்:

ஆய்வு எதுவும் எனக்குத் தெரியாது. வயது 37, வங்கி வேலை. இன்றைக்கும் புது ரவிக்கை, சுடிதார் எது வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கத்தரிக்கோலால் லேபிளை வெட்டுவதுதான், அதுவும் தையலோடு வெட்ட வேண்டும், ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் நாள் போய்விடும். சின்ன வயதில் பட்டுப்பாவாடை கட்ட மாட்டேன் என்று அழுது ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் முன்னால் முதுகில் வாங்கியிருக்கிறேன். சரிகை உரசினால் நெருப்பு மாதிரி இருக்கும். "ஊரு உலகத்துல யாருக்கும் குத்தல, உனக்கு மட்டும் குத்துதா?"

ஆமாம், எனக்கு மட்டும் குத்தியது.

மேலே மேடம் எழுதிய அந்த எறும்பு உதாரணத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா இதை 1964இலேயே எழுதிவிட்டார், நான் அடி வாங்கியது 1990களில். சார், தெரபி பலிக்கிறதோ இல்லையோ, வீட்டில் லேபிளை வெட்டிவிடுங்கள். அதற்கு ஆய்வு வேண்டாம்.

---

புள்ளியியல் வாத்தியார்:

இதற்கு மட்டும் மறுப்பு இல்லை அம்மா. நான் கேள்வி கேட்பது சிகிச்சையை, அனுபவத்தை இல்லை. ஒலி, தொடுதல் மாதிரி உணர்வுகளுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை நான் சொன்ன அதே கையேடு 2013இல் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அயர்ஸ் இறந்து கால் நூற்றாண்டு கழித்து. அவர் கவனித்தது சரி, சொன்ன காரணம் பாதி சரியாக இருக்கலாம், கொடுத்த மருந்து இன்னும் தேர்வில் இருக்கிறது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்குகிறவர்களோடும் எனக்குத் தகராறு, ஒரே மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போடுகிறவர்களோடும் தகராறு.

---

பெரியவனின் அம்மா:

பணம் கஷ்டமாக இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தில் வந்தவை, கட்டணம் கிடையாது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். என் பையனுக்கு இப்போது 16. ஐந்து வயதில் நாங்களும் ஊஞ்சலுக்குப் போனோம். அதனால் சரியானதா, வயதானதால் சரியானதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் "அவன் வேண்டுமென்று செய்யவில்லை" என்று முதல் நாள் அந்த தெரபிஸ்ட் பெண் சொன்ன பிறகு என் வீட்டுக்காரர் அவனை அடிப்பதை நிறுத்தினார். அந்த ஒன்றுக்கே கட்டிய பணம் செரித்துவிட்டது.

---

தட்டாமாலை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்டருக்குப் போனேன். சேர்க்கும்போது என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டேன். பொறுப்பாளர் ஃபைலைப் புரட்டினார், என் மனைவி நிரப்பிய கேள்வித்தாள் நாலு பக்கம் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இலக்கு என்ற இடத்தில் "சென்சரி பிரச்சினைகளைக் குறைத்தல்" என்று ஒரே வரி. நான் ஒன்றும் பேசவில்லை. அவருக்கே கூச்சமாகிவிட்டது.

பையனைப் பார்த்துக்கொள்ளும் பெண் சின்ன வயது, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட இருக்காது. வெளியே வரை வந்து, "சார், நான் எழுதித் தருகிறேன், எனக்கும் இப்படித்தான் செய்ய ஆசை" என்றாள். இன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எட்டு வாரத்தில் மூன்று காரியம். ஒன்று, பள்ளிச் சட்டையை அழாமல் போட்டு மதியம் வரை கழற்றாமல் இருப்பது. இரண்டு, மிக்சி சத்தம் வரப்போகிறது என்று முன்னாடியே சொன்னால் ஓடாமல் பக்கத்து அறையில் இருப்பது. மூன்று, முடிவெட்டப் பத்து நிமிடம் உட்காருவது. ஒவ்வொன்றுக்கும் இப்போதைய நிலைக்கு மைனஸ் 2, எதிர்பார்ப்புக்கு 0, அதற்கு மேல் போனால் பிளஸ் 2 வரை என்று கட்டம் போட்டிருக்கிறாள். ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டோம். என் அம்மா தூளியும் கட்டிவிட்டார், அதையும் மறைக்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். முடி இப்போதே காதை மூடிவிட்டது, அடுத்த வாரம் ஒரு கல்யாணம், எட்டு வாரம் பொறுக்க முடியாது. என்ன செய்வது?

---

கோவை ஓ.டி.:

அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள்.

முடிக்கு: கடைக்குப் போக வேண்டாம், தெரிந்த முடிதிருத்துபவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டிரிம்மர் வேண்டவே வேண்டாம், கத்தரிக்கோல் மட்டும். உட்காரும் முன் உங்கள் இரண்டு உள்ளங்கையாலும் அவன் தலையையும் தோளையும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிடுங்கள், அவன் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். லேசாகத் தடவாதீர்கள், அதுதான் அவனுக்கு எறும்பு. கழுத்தில் நைலான் துணி கட்டாமல் அவனுடைய பழைய பருத்தித் துண்டைப் போடுங்கள். எத்தனை வெட்டு என்று முன்னாடியே சொல்லிவிட்டுச் சத்தமாக எண்ணுங்கள், இருபது என்றால் இருபதோடு நிறுத்த வேண்டும், ஒரு பக்கம் பாதியில் நின்றாலும் சரி. மீதியை மறுநாள் வெட்டலாம்.

---

தட்டாமாலை அப்பா:

இன்றைக்கு இருபது ஆயிற்று. வலது பக்கம் மட்டும் முடிந்திருக்கிறது.